உங்களுக்குக் கேட்க ஏதேனும் உண்டா?

மாலைத் திருப்பலி முடிந்து, கோவிலின் பக்கக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த வேளை. தந்தையும் மகளுமாக இருவர் வந்து நின்றனர். "தோத்திரம் சாமி" என்றார் தந்தை. புதுவையின் பஞ்சாலைகளுள் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தறி ஓட்டியவர் அவர். 2020ஆம் ஆண்டில் ஆலைகள் மூடப்பட்டபின், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் இரவுக் காவலராக இருக்கிறார். மகள் வணிகவியல் பட்டதாரி. மறுநாள் காலை அவளுக்கு நேர்முகத் தேர்வு. ஆசீர் பெற்றுச் செல்ல வந்திருந்தனர்.

தலைமீது கை வைத்துச் செபித்தேன். எழுந்த பெண் போகாமல் தயங்கினாள்.

"ஃபாதர், எல்லாம் படிச்சுட்டேன். ஆனா கடைசியில, 'உங்களுக்கு எங்ககிட்ட கேக்க ஏதாவது இருக்கா'ன்னு கேப்பாங்களாம். அதுக்கு என்ன சொல்றதுன்னுதான் தெரியல."

நான் வாய் திறக்குமுன் தந்தை முந்திக்கொண்டார். "ஒண்ணும் இல்லீங்கன்னு சொல்லிட்டு வந்துடும்மா. வேல கேட்டுப் போறவங்க நாம. நாம போயி என்ன கேள்வி கேக்குறது?"

அவர்களை அனுப்பிவிட்டு அறைக்குத் திரும்பினேன். ஆயினும் அந்தத் தந்தையின் சொல் என்னை விடவில்லை. வேலை கேட்டு நிற்பவர் கேள்வி கேட்பது முறைதானா? அது துணிவா, துடுக்கா, அல்லது மனச்சான்றின் கடமைகளுள் ஒன்றா? வேலை தேடும் பிள்ளைகள் இல்லாத வீடு நம் பங்குகளில் அரிது. ஆகவே இதனை உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம் மொழியில் 'கேள்' என்பது ஒரே வேர்ச்சொல்; பொருளோ பல. வேலை கேட்கிறோம்: அது இரத்தல். சொன்னபடி கேட்கிறோம்: அது பணிதல். கேள்வி கேட்கிறோம்: அது வினவுதல். வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரத்துக்குப் பெயரிட்டபோது, அறிந்தோர் சொல்லைச் செவிமடுக்கும் செல்வத்தையே குறித்தார். இரப்பதும் பணிவதும் வினவுவதும் செவிமடுப்பதும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. ஆலைத் தொழிலாளியான அத்தந்தைக்கு வாழ்க்கை முதல் இரண்டையும் நன்கு கற்பித்திருந்தது. வேலை கேள், சொன்னபடி கேள். மூன்றாவது கேட்டலை மட்டும் அது அவருக்கு மறுத்திருந்தது.

திருக்குறளில் ஆளைத் தேர்ந்தெடுப்பவனுக்காகத் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என்று இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து உள்ளன. எவனை நம்புவது, எவனிடம் எச்செயலை ஒப்படைப்பது என்றெல்லாம் அரசன் ஆராய வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவனுக்கோ 'மன்னரைச் சேர்ந்தொழுதல்' என்னும் அதிகாரம் இருக்கிறது. அரசனை அண்டி வாழ்வோன் கொள்ள வேண்டிய எச்சரிக்கையை அது கூறுகிறது. அது அரசர் காலம். இன்று மேசையின் இருபுறத்திலும் அமர்ந்திருப்போர் சட்டத்தின்முன் சமமான குடிமக்கள். திருமுழுக்குப் பெற்றோராயின் ஒரே தந்தையின் பிள்ளைகள். ஆகவே தெரிந்து தெளியும் கடமை இன்று இருபுறத்தாருக்கும் உரியது.

இந்தக் கேள்வி நம் புதுவைக் கடற்கரைக்குப் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டில் இத்துறைமுகத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பல்லாயிரம் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். 'ஒரேலி' என்னும் கப்பல் 1853ஆம் ஆண்டு மே மாதத்தில் மார்த்தினிக்கையும், 1854ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பின் முன்தினம் குவாதலூப்பையும் அடைந்தது. 1861ஆம் ஆண்டில் பிரான்சும் இங்கிலாந்தும் இதற்கென ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டுக்கு மேற்படலாகாது. ஏழு நாளில் ஆறு நாளுக்கு மேலோ, நாளொன்றுக்கு ஒன்பதரை மணிக்கு மேலோ வேலை வாங்கலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கப்பலேறும் ஆங்கிலேயக் குடிமகன் ஒவ்வொருவனும் தன் விருப்பத்தோடுதான் செல்கிறானா, ஒப்பந்தத்தின் தன்மையையும் போகும் இடத்தையும் பயண நாளையும் முழுதாக அறிந்திருக்கிறானா என்று அதிகாரி ஒருவர் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஏட்டில் குறையொன்றுமில்லை. எனினும் பஞ்சத்தில் அடிபட்டு, மேஸ்திரியின் கையில் முன்பணம் வாங்கி, கடலையே கண்டிராதவன் அந்த அதிகாரியின்முன் நின்றபோது என்ன சொல்லியிருப்பான்? தலையசைத்திருப்பான். அத்தலையசைப்பு இசைவு என்று பதிவாயிற்று. தீவுகளில் தொழிலாளர் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டபின், 1882ஆம் ஆண்டில் ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதை ஆங்கில அரசே நிறுத்தியது. அந்த மனிதனிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. அவன் கேட்பதற்குத்தான் இடமில்லாதிருந்தது.

பின்னர் இந்த ஊரிலேயே தொழிலாளர் வாய் திறந்து கேட்ட காலமும் வந்தது. சவானா, ரோடியர், கெப்ளே என்று மக்கள் அழைத்த பஞ்சாலைகளில், விடியுமுன் சென்று இருட்டியபின் திரும்பிய மக்கள், வ. சுப்பையா போன்றோர் முன்னிற்க, வேலை நேரம் எவ்வளவு, கூலி எவ்வளவு, சங்கம் சேர உரிமை உண்டா என்று கேட்டனர். 1936ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று அக்கேள்விக்குத் துப்பாக்கி விடையளித்தது. 12 தொழிலாளர் மாண்டனர். மறு ஆண்டு, 1937இல், பிரெஞ்சிந்தியாவுக்கான தொழிற்சட்டம் வந்தது. எட்டு மணி நேர வேலைநாள் உரிமையாயிற்று. இன்றும் ஜூலை 30 அன்று இவ்வூரில் அவர்களுக்கு மலர் வைக்கிறார்கள். வேலை நேரம் எவ்வளவு என்று ஓர் இளைஞன் இன்று கேட்கும்போது, அக்கேள்விக்கு முன்பே விலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அவன் அறிந்திருப்பது நல்லது.

இனி நம் விசுவாசத்தின் ஒளியில் இதனைக் காண்போம். மறைநூலில் இறைவன் ஒருவரைப் பணிக்கு அழைக்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள். எரியும் முட்செடியின்முன் மோசே வரிசையாகக் கேட்கிறார்: நான் யார் போவதற்கு? அனுப்பியவர் பெயர் என்ன என்று கேட்டால் என்ன சொல்வேன்? அவர்கள் நம்பாவிடில் என் செய்வேன்? இறைவன் அவற்றுக்கு ஒவ்வொன்றாக விடை தருகிறார். நாசரேத்தின் கன்னியோ வானதூதரின் செய்தியைக் கேட்டு, அது எவ்வாறு நிகழும் என்று வினவுகிறார். விடை பெற்றபின்னரே தம் இசைவைத் தருகிறார். மீட்பின் வரலாற்றில் மிகப்பெரும் 'ஆம்' ஒரு கேள்விக்குப் பிறகு வந்தது. இதை நாம் போதிய அளவு தியானிப்பதில்லை.

அதே அதிகாரத்தில் செக்கரியாவும் கேட்கிறார். அவருக்கோ நா கட்டப்படுகிறது. இது அநீதியன்றோ என்று குருமட நாள்களில் நாங்கள் பேராசிரியரை மடக்கியதுண்டு. புனித அகுஸ்தினார் தம் மறையுரை ஒன்றில் இதனை ஆராய்கிறார். சொற்கள் ஏறக்குறைய ஒன்றே, உள்ளங்கள் வேறு என்பது அவர் கருத்து. செக்கரியா நம்பாமல் சான்று கேட்டார். மரியா நம்பியபின், தம் பங்கைச் செய்யும் வழியை அறியக் கேட்டார். நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த உரைகல் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு கேள்வி நல்லதா என்று அறிய வேண்டுமா? நான் அப்பணியை நன்றாகச் செய்யவும் நேர்மையோடு செய்யவும் அதன் விடை எனக்குத் தேவையா என்று உன்னையே கேள். ஆம் எனில் தயங்காமல் கேட்கலாம். என் அறிவைக் காட்டவோ எதிரில் இருப்பவரை மடக்கவோதான் கேட்கிறேன் எனில், அதை விட்டுவிடலாம்.

இசைவு இசைவாக இருக்க அறிவும் உரிமையும் வேண்டும் என்பது அறநெறி இறையியலின் பாலபாடம். அறியாமையும் அச்சமும் அதனைக் குறைக்கின்றன. இதனால்தான் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' மடலில், இருவரும் ஒத்துக்கொண்டார்கள் என்பதாலேயே ஒரு கூலி நீதியாகிவிடாது என்று வாதிட்டார். தேவையின் நெருக்கடியால் ஒருவன் ஒத்துக்கொண்ட கடுமையான நிபந்தனை, ஒப்பந்தத்தின் உடையில் வந்த வன்முறையே என்பது அவர் வாதத்தின் சாரம். அதற்கும் ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே புனித தோமா அக்குவினார், விற்பவன் தன் பொருளில் மறைந்துள்ள குறையால் வாங்குவோனுக்கு இழப்போ ஆபத்தோ நேருமாயின் அதைச் சொல்லியாக வேண்டும் என்று எழுதினார். குதிரைக்கும் வீட்டுக்கும் பொருந்தும் நீதி, ஒருவருடைய வாழ்நாளின் பகலை எல்லாம் வாங்கிக்கொள்ளும் வேலைக்குப் பொருந்தாதா? காலியாக இருக்கும் பணியிடத்தின் குறை, அங்கே ஏற்கெனவே இருப்போருக்குத் தெரியும். புதிதாக வருவோருக்குத் தெரியாது.

இவ்விடத்தில் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் மேலே எழுத எனக்கு உரிமையில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பள்ளியில் ஆசிரியர் தேர்வுக் குழுவில் நானும் ஒருவனாக அமர்ந்திருந்தேன். பள்ளியின் பெயரும் ஊரும் இங்கே வேண்டா. ஓர் இளம்பெண் வந்தாள். பாடத்தில் தெளிவு, பேச்சில் பணிவு. முடிவில் வழக்கம்போல், "உங்களுக்குக் கேட்க ஏதேனும் உண்டா?" என்றோம். எவரும் எதையும் கேட்பதில்லை என்ற நம்பிக்கையில் கேட்கப்படும் கேள்வி அது. அவள் கேட்டாள்: "எனக்கு முன்னாடி இந்த வேலையில இருந்தவங்க ஏன் போனாங்கன்னு தெரிஞ்சுக்கலாமா, ஃபாதர்?"

அறையில் ஒரு கணம் பேச்சில்லை. முன்பு இருந்த ஆசிரியை ஏன் போனார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். பதிவேட்டில் கையெழுத்திட்ட தொகை வேறு, கையில் பெற்ற தொகை வேறு. ஓராண்டு பொறுத்தார், பின்பு நின்றுவிட்டார். குழுவின் மூத்தவர் சிரித்துக்கொண்டே, "குடும்பச் சூழ்நிலை" என்றார். நான் மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கினேன். அப்பெண் போனபின், "இப்போதே இத்தனை கேள்வி கேட்கிறாள், நாளைக்கு என்னவெல்லாம் கேட்பாளோ" என்றார் ஒருவர். பெயர் அடிக்கப்பட்டது. நான் மறுப்புச் சொல்லவில்லை.

அன்று அவள் கேட்டது துடுக்கான கேள்வி என்றால், அதற்கு நேரான விடை இருந்திருக்கும். விடை எங்களுக்கு வெட்கமாக இருந்ததால்தான் கேள்வி துடுக்காகத் தோன்றிற்று. பொய்யைச் சொன்னவர் வேறொருவர். அதை உண்மையாக நிற்க விட்டவன் நான். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லி மன்னிப்புப் பெற்றேன். அப்பெண்ணுக்குச் செய்ய வேண்டிய பரிகாரத்தை இதுவரை செய்ய இயலவில்லை. இக்கட்டுரை அதன் ஒரு சிறு பகுதியாக இருக்கட்டும்.

ஆகவே, பிள்ளைகளே, போகுமுன் உங்கள் கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். எண்ணிக்கையில் மூன்றோ நான்கோ போதும். அவற்றுள் முதலாவது வேலையைப் பற்றியதாக இருக்கட்டும். முதல் மூன்று மாதத்தில் என்னிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள்? யாரிடம் நான் கற்றுக்கொள்வேன்? நான் தவறு செய்தால் யார் சுட்டிக்காட்டுவார்? இக்கேள்விகள் உழைக்க வந்தவரை அடையாளம் காட்டுகின்றன. விடைகள் அங்குள்ள மேலாளரை அடையாளம் காட்டுகின்றன. இரண்டாவது அப்பணியிடத்தின் வரலாறு. இது புதிய இடமா, ஒருவர் விட்டுச் சென்றதா? சென்றவர் எவ்வளவு காலம் இருந்தார்? இதைக் குற்றம் தேடும் குரலில் கேட்க வேண்டா. "அவர் எங்கே விட்டாரோ அங்கிருந்து தொடர விரும்புகிறேன்" என்று தொடங்கிக் கேட்டால் பண்பாகவும் இருக்கும், உண்மையாகவும் இருக்கும்.

மூன்றாவது, நிபந்தனைகள். இவற்றை முதலில் கேட்க வேண்டா. கேட்காமலும் வர வேண்டா. வேலை தருவதாக அவர்கள் சொன்னபின், சேருவதாக நீங்கள் சொல்லுமுன், கேட்க வேண்டிய வேளை அது. நியமனக் கடிதம் எப்போது தருவார்கள்? 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதனைக் கடமையாக்குகின்றன. ஆகவே அதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. வருங்கால வைப்பு நிதி பிடிப்பார்களா? பொதுவாக 20 பேரோ மேலோ பணிபுரியும் நிறுவனத்துக்கு அது கட்டாயம். உங்கள் பங்கோடு முதலாளியின் பங்கும் சேர வேண்டும். தொழிலாளர் காப்பீடு உண்டா? மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா? இத்தனை ஆண்டு போகக்கூடாது என்று பத்திரம் எழுதச் சொல்வார்களா? ஞாயிறு வேலை உண்டாயின் திருப்பலிக்கு நேரம் கிடைக்குமா? பெண்பிள்ளைகள், பாலியல் தொல்லை பற்றி முறையிட உள்ளகக் குழு இருக்கிறதா என்றும் அறிந்துகொள்ளுங்கள். 10 பேரோ மேலோ பணிபுரியும் இடத்தில் அது இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். நேரில் கேட்கக் கூச்சமாயின், அங்கு வேலை செய்யும் ஒருவரிடம் தேநீர்க் கடையில் நின்று கேட்டாலும் போதும்.

நான்காவது கேள்வியை வீட்டில், தனியாக, உங்களிடமே கேட்க வேண்டும். இந்த வேலையில் என்னைப் பொய் சொல்லச் சொல்வார்களா? சொன்னால் என் செய்வேன்? இதற்கு முன்கூட்டியே விடை தேடிக்கொள்ளாதவர், அந்த நாள் வரும்போது தாள்களை அடுக்கிக்கொண்டிருப்பார். அனுபவித்தவன் சொல்கிறேன்.

கேட்டபின் இன்னொரு கடமை இருக்கிறது: செவிமடுப்பது. எழுதிவைத்த அடுத்த கேள்வியை நினைத்துக்கொண்டே முதல் விடையைத் தவறவிடுவோர் பலர். விடை சொல்லும் குரலையும், யார் யாரைப் பார்க்கிறார் என்பதையும், எந்த இடத்தில் பேச்சு மாற்றப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். அன்று எங்கள் அறையில் எழுந்த அந்த ஒரு கண மௌனம், அப்பெண்ணுக்கு உண்மையைச் சொல்லியிருக்கும் என்றே நம்புகிறேன்.

"இதெல்லாம் வசதி உள்ளவங்களுக்கு, சாமி" என்று அந்தத் தந்தை சொல்லக்கூடும். கடன் கழுத்தை நெரிக்கும் வீட்டில், கேள்வி கேட்டு வேலையை இழக்கச் சொல்வது குருவுக்கு எளிது. இம்மறுப்பில் நியாயம் உண்டு. அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். கேட்டவள் அன்று வேலையை இழந்தாள் என்பதை நானே எழுதியிருக்கிறேன். ஆயினும் ஒன்று சொல்வேன். கேட்பதும் மறுப்பதும் ஒன்றல்ல. குறைந்த கூலி என்று தெரிந்தே, வேறு வழியின்றி ஒருவர் ஒரு வேலையை ஏற்கலாம். அதில் பாவமில்லை, இழிவுமில்லை. ஆனால் தெரிந்து ஏற்பவர், எவ்வளவு காலம் பொறுப்பது, எப்போது வேறு இடம் தேடுவது என்று திட்டமிட முடியும். தெரியாமல் ஏற்பவர் ஏமாற்றப்படுகிறார். ஏமாற்றப்பட்டவருக்கு முதலில் தம்மீதே நம்பிக்கை போய்விடுகிறது. கூலியிழப்பைக் காட்டிலும் அதைத் திரும்பப் பெறுவது கடினம்.

சுமையின் பெரும்பகுதி உண்மையில் மேசையின் மறுபுறத்தில் இருக்கிறது. இவ்விதழை வாசிப்போருள் கடை நடத்துவோர், பட்டறை வைத்திருப்போர், பள்ளி மருத்துவமனைகளின் நிர்வாகிகள், வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கும் இல்லத்தரசிகள் பலர் உண்டு. உழைப்பு மனிதனுக்காக இருக்கிறது, மனிதன் உழைப்புக்காக அல்ல என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981ஆம் ஆண்டு மடலில் வலியுறுத்தினார். அதை நாம் நம்புவதாயின், ஏழை கேட்பதற்குக் காத்திராமல் நாமே சொல்லிவிட வேண்டும்: கூலி இவ்வளவு, நேரம் இவ்வளவு, விடுப்பு இவ்வளவு, இந்த வேலையின் கடினம் இது. "கேட்க ஏதேனும் உண்டா?" என்று ஒப்புக்குக் கேட்டுவிட்டு, கேட்டவரின் பெயரை அடிக்கும் வழக்கம் நம் நிறுவனங்களிலாவது ஒழிய வேண்டும்.

அந்தப் பெண் மறுவாரம் வந்தாள். வேலை கிடைத்துவிட்டதாம். "என்ன கேட்டாய்?" என்றேன். "கடிதம் எப்ப தருவீங்கன்னு கேட்டேன் ஃபாதர். ஒரு மாசம் ஆகும்னாங்க. வைப்பு நிதி பத்திக் கேட்டேன். ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்னாங்க." சற்று நின்று சொன்னாள்: "அது சரியில்லன்னு தெரியும். ஆனா இப்போதைக்குப் போறேன். தேதியைக் குறிச்சு வெச்சிருக்கேன்."

அவள் தந்தை சற்றுத் தள்ளி, சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். நான் அருகில் சென்றதும் குரலைத் தாழ்த்தினார். "நான் சேந்தப்ப எதையுமே கேக்கல சாமி. கேக்கலாம்னே தெரியாது." பிறகு மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, கடலூர் சாலைப் பக்கமாகப் போனார்.